துணித்தல் என்னும் தொழில்: கால்பெயின் நொதியும் அதற்குரிய தமிழ்ச்சொல்லும்

காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரம், தமிழக வரலாறு பயில்வார்க்குச் செப்பேட்டினால் அறிமுகமான ஊர். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சி புரிந்த முதலாம் பரமேச்சுரவர்மன் காலத்தில் அவ்வூர்ச் சிவன் தளிக்கு அளிக்கப்பெற்ற கொடைகளை அச்செப்பேடு கூறுகின்றது. ஹூல்ட்ஸ் என்னும் அறிஞர் 1890ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளுள் முதலாவதில் அதனைப் பதிப்பித்தார். வடமொழிப் பகுதி மன்னனின் குடிவழியையும் போர்ப் புகழையும் விரித்துரைக்க, தமிழ்ப் பகுதி நிலத்தையும் நீரையும் எல்லையையும் பேசுகின்றது. மன்னன் பெயரால் அமைந்த பரமேச்சுர தடாகம் என்னும் ஏரியும், பாலாற்றினின்று வெட்டப்பெற்ற பெரும்பிடுகு கால் என்னும் கால்வாயும் அதில் இடம்பெறுகின்றன. புகழ்மொழி மிகையாயினும் குறைவாயினும் கேடில்லை; நீர் பற்றிய சொல் ஒன்று தவறினால் வயல் காயும் அல்லது மூழ்கும். ஆகலின் அப்பகுதியின் சொற்கள் அளந்து வைத்தாற்போல அமைந்துள்ளன.

உடலியலைப் பற்றிய கட்டுரையைச் செப்பேட்டில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நாம் இங்கு விளக்கப் புகுந்த பொருள், உயிரணுவினுள் கால்சியம் என்னும் சுண்ணச்சத்து புகும்பொழுது விழித்தெழுந்து புரதங்களை வெட்டுகின்ற நொதி. கால்பெயின் என்பது அதன் பெயர். ஏரியும் காலும் மதகும் அறிந்தவர்க்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும். கால்பெயின் என்பதன் முதலசைக்கும் பெரும்பிடுகு காலுக்கும் ஒலியொப்புமையன்றி உறவேதும் இல்லை. ஒலியொப்புமை கண்டவிடத்தெல்லாம் உறவு நாட்டும் பழக்கம் நம்மிடையே மிகுந்திருத்தலின், இதனை முதலிலேயே சொல்லி வைக்கின்றோம்.

உயிரணுவைச் சூழ்ந்த நீர்மத்தில் கால்சியம் நிறைந்துள்ளது. அணுவின் உள்ளேயோ, ஓய்ந்திருக்கும் நிலையில், வெளியிலுள்ளதைப்போல் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கே உள்ளது. இவ்வேறுபாடு தானே அமைந்ததன்று. உள்ளே கசிந்து வரும் கால்சியத்தை ஓயாது வெளியேற்றியும், அணுவினுள் உள்ள பைகளில் அடைத்தும், உயிரணு தன் ஆற்றலில் கணிசமான பங்கைச் செலவிட்டு இதனைக் காக்கின்றது. கரையின் ஒருபுறம் நீர் நிறைந்து நிற்க, மறுபுறம் வயல் காத்துக் கிடக்கும் நிலை இது. நரம்பில் துடிப்பு வரும்பொழுதோ, தசை சுருங்க வேண்டியபொழுதோ மதகு ஒன்று நொடிப்பொழுது திறக்கின்றது. கால்சியம் உள்ளே பாய்கின்றது. பாய்ந்தது உடனே இறைக்கப்படுகின்றது. இவ்வரவையே செய்தியாகக் கொண்டு தொழிற்படும் புரதங்கள் பல. அவற்றுள் வெட்டும் தொழிலுடையது கால்பெயின்.

1964ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குராஃப், எலியின் மூளையை அரைத்து எடுத்த கரைசலில் இத்தகைய நொதியொன்று இருத்தலைக் கண்டார். வயிற்றில் சுரக்கும் நொதிகளைப்போல அமிலத்தை அது வேண்டவில்லை. நடுநிலையான கரைசலிலேயே தொழிற்பட்டது. ஆனால் கால்சியம் இன்றேல் வாளா கிடந்தது. 1972இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார், முயல் தசையின் இழைகளைக் குறுக்கே பிணைத்து நிற்கும் கோடுகள் கால்சியம் சேர்ந்தவிடத்து மறைந்து போவதைக் கண்டு, அதனை நிகழ்த்தும் நொதியைத் தேடிச் சென்று, சில ஆண்டுகளில் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். ஆளுக்கொரு பெயரிட்டு வழங்கி வந்த இந்நொதிக்குக் கால்பெயின் என்னும் பெயரை 1981இல் வழங்கியவர் சப்பானிய அறிஞர் முராச்சி. கால்சியத்தின் முற்பகுதியும் பப்பாயின் என்பதன் பிற்பகுதியும் சேர்ந்தது அப்பெயர். பப்பாயின் என்பது பப்பாளிப் பாலில் உள்ள நொதி. இறைச்சி விரைவில் வேக அதனுடன் பப்பாளிக்காயைச் சேர்க்கும் அடுக்களை வழக்கம் அந்நொதியின் ஆற்றலை நம்பியதே.

1984இல் கோழியின் கால்பெயின் மரபணுவைப் படித்தறிந்த சப்பானிய ஆய்வாளர், முராச்சி இட்ட பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதைக் காட்டினர். அப்புரதத்தின் ஒரு பகுதி பப்பாயினை ஒத்த வெட்டும் உறுப்பு. மற்றொரு பகுதி கால்சியத்தைப் பற்றும் உறுப்பு. தொல்பழங்காலத்தில் தனித்தனியே இருந்த இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் பிறந்ததே இது என அவர்கள் கருதினர். ஒட்டுச்சொல் ஒன்றால் ஒட்டுப் பொருள் பெயர் பெற்றமை, பெயரிடுதலில் அரிதாக வாய்க்கும் பேறு.

1999, 2000 ஆகிய ஆண்டுகளில் இதன் முப்பரிமாண வடிவம் வெளியாயிற்று. வெட்டும் தொழிலுக்குச் சிஸ்டீன், ஹிஸ்டிடீன், அஸ்பரஜீன் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்றல் வேண்டும். கால்சியம் இல்லாத நிலையில் வெட்டும் உறுப்பின் இரு பாதிகளும் விலகியே நிற்கின்றன. சிஸ்டீன் ஒருபுறமும் மற்றவை மறுபுறமுமாகப் பிரிந்துள்ளன. கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைத் திருகாணி இன்றித் தனித்தனியே வைத்தாற்போன்றது இந்நிலை. கால்சியம் வந்து பற்றியதும் பாதிகள் திரும்பி நெருங்குகின்றன, அலகுகள் கூடுகின்றன, வெட்டு நிகழ்கின்றது. ஆகவே கால்சியம் இந்நொதிக்குத் துணைப்பொருள் மட்டுமன்று. கருவியைக் கருவியாக்குவதே அதுதான்.

உயிரணு இதனோடு அமையவில்லை. கால்பாஸ்டாட்டின் என்னும் காவல் புரதம் ஒன்றையும் உடன் வைத்துள்ளது. நான்கு பகுதிகளையுடைய அப்புரதத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு கால்பெயினைப் பற்றித் தடுக்க வல்லது. வியப்பென்னவெனில், அதுவும் கால்சியம் வந்த பின்னரே பற்றுகின்றது. 2008இல் வெளிவந்த வடிவ ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று: காவற் புரதம் வெட்டுவாயினுள் நேரே நுழைந்து, சிஸ்டீனை அணுகும் இடத்தில் மட்டும் வளைந்து விலகி, தான் வெட்டுப்படாமல் வாயை அடைக்கின்றது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரிக்கு ஒரு வாரியம் இருந்ததைப் படிக்கின்றோம். வாரியத்தாரும் நீர் வந்த பின்னரே கரைக்கு ஓடுவர்போலும்.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. முதன்மையான கால்பெயின்கள் இரண்டனுள், முதலாவது தொழிற்படுவதற்கு வேண்டும் கால்சியம், வழக்கமான துடிப்பின்பொழுது அணுவினுள் உயரும் அளவைவிடப் பல மடங்கு மிகுதி. இரண்டாவதற்கு வேண்டுவதோ சில நூறு மடங்கு மிகுதி. மதகு திறந்தும் நீர் எட்டாத மேட்டு வயலில் பயிர் விளைவது யாங்ஙனம்? மதகின் வாயிலேயே, அணுச்சவ்வை ஒட்டிய குறுகிய இடத்தில், கால்சியம் நொடிப்பொழுது மிக உயர்கின்றது என்றும், சவ்வின் கொழுப்புப் பொருள்கள் நொதியின் தேவையைக் குறைக்கின்றன என்றும், நொதி தன் முனையைத் தானே வெட்டிக்கொண்டு குறைந்த கால்சியத்திலும் தொழிற்படும் நிலையை அடைகின்றது என்றும் ஆய்வாளர் விடை கூறுவர். மூன்றும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

இனி இந்நொதி என்ன செய்கின்றது என்பதே நம் கட்டுரையின் நடுவிடம். புரதங்களை வெட்டும் நொதிகள் அனைத்தையும் புரதச் சிதைப்பு நொதிகள் என்று எழுதும் வழக்கம் தமிழில் பரவியுள்ளது. உணவைச் செரிக்கும் நொதிகளுக்கு அப்பெயர் பொருந்தும். உயிரணுவினுள்ளும் அத்தகையன உண்டு. 1955இல் டி டூவ் கண்டறிந்த லைசோசோம் என்னும் பைகளில் உள்ள நொதிகள் தம்முள் வந்தவற்றை அமினோ அமிலங்களாகக் கரைத்து விடுகின்றன. புரோட்டியசோம் என்னும் உருளை, அழிப்பதற்கென அடையாளம் இடப்பெற்ற புரதத்தை உள்ளிழுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கித் தள்ளுகின்றது. அவ்வடையாளம் இடும் முறையைக் கண்டவர்கள் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்விரண்டின் வழியாகச் சென்ற புரதம் பின்னர்ப் புரதமாக இருப்பதில்லை.

கால்பெயினின் தொழில் அத்தகையதன்று. நீண்ட புரதத்தின் உறுதியான பகுதிகளை அது தொடுவதில்லை. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே தளர்ந்து கிடக்கும் இணைப்பில் ஓரிடத்தில் அல்லது ஈரிடத்தில் வெட்டி விட்டு விடுகின்றது. வெட்டுண்ட பகுதிகள் கரைந்து போவதில்லை. பலவிடங்களில் புதிய இயல்பு பெற்றுப் புதிய தொழில் செய்கின்றன. ஊர்ந்து செல்லும் உயிரணு, முன்புறம் பற்றுக்கோடு அமைத்துப் பின்புறப் பற்றை விடுவித்தாலன்றி நகர முடியாது. அப்பற்றில் உள்ள டாலின் என்னும் புரதத்தைக் கால்பெயின் ஓரிடத்தில் வெட்டுதலால் பற்று நெகிழ்கின்றது. அணுச்சவ்வின் அடியில் வலைபோல் அமைந்த ஸ்பெக்டிரினை வெட்டுதலால் சவ்வின் வடிவம் மாற இடம் ஏற்படுகின்றது. இவை அழிவல்ல, சீரமைப்பு. இதன் இன்றியமையாமைக்குச் சான்று வேண்டுவார்க்கு ஒன்று போதும்: முதலிரு கால்பெயின்களுக்கும் பொதுவான சிறு உறுப்பை நீக்கிய எலிக் கருக்கள் பிறவாமலே இறந்தன என்பதை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர்.

ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டைக் குறிக்க அடைமொழி சேர்த்தே கூற வேண்டியுள்ளது. தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. அரிதல், அறுத்தல், ஈர்தல், கத்தரித்தல், கழித்தல், கொய்தல், செதுக்குதல், தறித்தல், துணித்தல், நறுக்குதல், போழ்தல் என வெட்டுதற்கு நம்மிடம் உள்ள வினைகள் பல. ஒவ்வொன்றும் கருவியாலோ, வெட்டும் திசையாலோ, வெட்டிய பின் நிற்கும் பொருளாலோ வேறுபடும். நெற்கதிரை அறுக்கின்றோம், பூவைக் கொய்கின்றோம், பனங்கிழங்கைப் போழ்கின்றோம். இவ்வளவு செல்வம் இருக்க, எல்லாவற்றையும் சிதைத்தல் என்னும் ஒரு சொல்லில் அடக்குவது வறுமையன்று, கவனக்குறைவு. புரோட்டியசோமின் தொழிலை நறுக்குதல் எனலாம். லைசோசோமினது செரித்தல். கால்பெயினின் தொழிலுக்குத் துணித்தல் என்பதே தக்கது என்று நாம் கருதுகின்றோம்: ஒன்றாய் நின்றதை ஓரிடத்தில் வெட்டி வேறாக்குதல்; வேறானது அழியாது நிற்றல்.

துணி என்றால் ஆடையன்றோ, மாணவர் மயங்காரோ என்று கேட்கலாம். மயக்கத்துக்கு இடமான அச்சொல்லே நமக்குச் சிறந்த சான்று. நெய்த ஆடைக்குத் துணி என்னும் பெயர் வெட்டுதலால் வந்தது. கூரத்துக்கு அண்மையில் உள்ள காஞ்சிபுரத்தில் இன்றும் இதனைக் கண்ணாற் காணலாம். ஒரே பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டுப் புடைவைகளைத் தொடர்ந்து நெய்து, பின்னர்த் தறியினின்று அறுத்தெடுக்கின்றனர். அறுத்தெடுக்கும் வரை அது பாவோடு பிணைந்து தறியில் நிற்கும் நெசவு. அறுத்த பின்னரே புடைவை. அவ்வெட்டினைச் சிதைப்பு என்று எந்த நெசவாளரும் கூறார். ஆகவே புரதத் துணிப்பு நொதி என்னும் சொல்லை, ஓரிடத்தில் வெட்டி இயல்பை மாற்றும் நொதிகளுக்கு உரியதாகவும், புரதச் சிதைப்பு நொதி என்பதைக் கரைத்தழிக்கும் நொதிகளுக்கு உரியதாகவும் வரையறுத்துக்கொள்ளுதல் நலம். கால்பெயின் என்னும் சிறப்புப் பெயரை அவ்வாறே கொள்ளலாம். பப்பாளியின் பெயர் அதனுள் இருப்பதை மொழிபெயர்ப்பால் இழக்க வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீன் காலந்தொட்டு, பொதுப்பெயரைத் தமிழில் ஆக்கிச் சிறப்புப் பெயரை எழுத்துப் பெயர்ப்பாகக் கொள்ளும் முறைக்கு முன்மாதிரிகள் உள்ளன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தவறான சொல் நோயாளியின் வீட்டில் என்ன செய்யும் என்பதற்கு மூன்றாம் கால்பெயினின் வரலாறே சான்று.

மனிதரிடம் கால்பெயின் மரபணுக்கள் 15 உள்ளன. மூன்றாவது, பெரும்பாலும் எலும்போடு இயைந்த தசைகளில் காணப்படுவது. 1989இல் சப்பானிய அறிஞர் சோரிமாச்சி முதலியோர் கண்டது. தசையின் மிக நீண்ட புரதமாகிய டைட்டினைப் பற்றி நிற்பது. தனித்தெடுத்தால் சில நிமிடங்களில் தன்னைத் தானே துணித்துக்கொள்வது. இதன் தொழிலறியும் முன்னரே இதன் குறைவால் வரும் நோய் அறியப்பட்டது. இடுப்புத் தசைகளும் தோள் தசைகளும் சிறிது சிறிதாக வலுவிழந்து மெலியும் நோய் அது. பெரும்பாலும் 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தொடங்கும். நுனிக்காலால் நடத்தல், மாடிப்படி ஏற இயலாமை, தரையினின்று எழக் கையூன்றல், தோட்பட்டை எலும்பு சிறகுபோல் புடைத்து நிற்றல் ஆகியன முதற்குறிகள். அறிவு குன்றுவதில்லை, இதயமும் பெரும்பாலும் தப்புகின்றது. நோய் தொடங்கி ஏறத்தாழ 10 முதல் 30 ஆண்டுகளில் நடை இழக்கப்படுகின்றது.

1995இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் இசபெல் ரிச்சார்டு, சாக் பெக்மன் முதலியோர், இந்நோய்க்குக் காரணம் மூன்றாம் கால்பெயினின் மரபணுக் குறை என நிறுவினர். அதுகாறும் அறியப்பட்ட தசைநலிவு நோய்கள், கட்டடத்தின் தூணோ கயிறோ போன்ற புரதங்களின் குறையால் வந்தவை. தூணாகாத நொதியொன்றின் குறையால் தசை நலியும் என்பது அன்று புதுமையாக இருந்தது. அவ்வாய்வுக்கு உதவிய குடும்பங்களுட் பல இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவினைச் சார்ந்தவை. தமிழர் குடியேறிய தீவாதலின் அப்பெயர் நம் வாசகர்க்குப் புதிதன்று. ஆயினும் அக்குடும்பங்கள் ஐரோப்பிய வழியினவே. சிறு தீவில் தமக்குள் மணந்து வாழ்ந்த மக்களாதலின் முன்னோர் ஒருவரது ஒரே குறையே அனைவரிடமும் இருக்கும் என எதிர்பார்த்த ஆய்வாளர், பல வேறு குறைகளைக் கண்டு திகைத்தனர். இந்தியாவில் அவ்வெதிர்பார்ப்பு மெய்யாயிற்று. அகர்வால் குடியினரிடம் இந்நோய் மிகுந்து காணப்படுதலை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த கட்டுரை, முன்னோர் வழியாகப் பரவிய இரண்டு குறிப்பிட்ட குறைகளே அவர்களிடம் பெரும்பான்மை என்று காட்டியது. இதனால் அக்குடியினருக்கு முழு மரபணுவையும் தேடாமல் அவ்விரண்டு இடங்களை மட்டும் சோதித்தே நோயை உறுதி செய்யும் எளிய வழி பிறந்தது.

இப்பொழுது சொல்லுக்கு வருவோம். இந்நோயுற்ற சிறுவனின் தாய்க்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுத வேண்டுமெனக் கொள்வோம். புரதச் சிதைப்பு நொதி குறைந்தமையால் தசை சிதைகின்றது என எழுதினால் அவர் என்ன பொருள் கொள்வார்? சிதைப்பது குறைந்தால் சிதைவும் குறைய வேண்டுமன்றோ என்று கேட்பார்; அல்லது சிதைக்கும் பொருள் ஏதோ மிகுந்து விட்டது, அதனை அடக்க மருந்து வேண்டும் என்று எண்ணுவார். இரண்டும் நேர்மாறானவை. தசையில் பழுதுற்ற பகுதிகளைத் துணித்துப் புதுப்பிக்கும் நொதி குறைந்தமையால் தசை நலிகின்றது என எழுதின், மேலும் ஒரு சொல் வேண்டுவதில்லை. தையற்காரர் கத்தரி இழந்தால் கடை நின்று போவது எவர்க்கும் விளங்கும்.

இந்நோய் வெளிப்பட, தந்தை வழியிலும் தாய் வழியிலும் வந்த இரு மரபணுக்களும் குறையுடையனவாதல் வேண்டும். ஒன்று மட்டும் குறையுடையார் நலமாகவே வாழ்வர். அத்தகைய இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உடைய நாட்டில் இக்கணக்கு அறியத்தக்கது. ஒரே முன்னோரிடமிருந்து ஒரே மரபணு இரு வழியாலும் பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பு, மாமன் மகளை மணந்தவிடத்து 16இல் ஒன்று; அக்காள் மகளை மணந்தவிடத்து 8இல் ஒன்று. மண உறவைக் குறிக்கும் சொற்களைப் பற்றி நம் துறைகளில் ஆய்வு செய்தோர் பலர். அச்சொற்களின் பின்னே நிற்கும் இவ்விரண்டு எண்களையும் அவ்வாய்வுகளில் நாம் கண்டதில்லை.

மூன்றாவது மட்டுமன்று. முதலாம் கால்பெயினின் மரபணுக் குறையால் கால்கள் விறைத்து நடை தடுமாறும் நரம்பு நோய் வருதலை 2016இல் அறிந்தனர். இங்கும் நோய் துணிப்பின் குறைவால் வந்ததே.

மறுபுறமும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையன்று. மூளையில் குருதியோட்டம் தடைப்பட்டவிடத்தும், தலையில் அடிபட்டவிடத்தும், இதயத் தசை மூச்சின்றித் தவித்து மீண்டும் குருதி பெறும்பொழுதும், கால்சியத்தை வெளியேற்றும் ஆற்றல் அணுவுக்கு இல்லாமற் போகின்றது. கரை உடைகின்றது. அப்பொழுது கால்பெயின் நொடியளவன்றி நெடும்பொழுது தொழிற்பட்டு, துணிக்கத் தகாதவற்றையெல்லாம் துணித்து விடுகின்றது. இவ்வாறு வெட்டுண்ட ஸ்பெக்டிரின் துண்டுகள், மூளை அடைந்த ஊறுபாட்டின் அளவை மருத்துவர்க்குக் காட்டும் அடையாளமாகப் பயன்படுகின்றன. முதுமையில் நினைவழிக்கும் ஆல்சைமர் நோயிலும் இதற்குப் பங்கு உண்டென்பர். நரம்பணுவில் பி-35 என்னும் புரதத்தைக் கால்பெயின் துணித்து பி-25 ஆக்குவதையும், குறுகிய அப்புரதம் எளிதில் மறையாது நின்று மற்றொரு நொதியைத் தகாத வழியில் ஏவுவதையும் 2000ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. நோயுற்றார் மூளையில் அஃது எவ்வளவு மிகுகின்றது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடித்தது. இந்நிலைகளிலும் நொதி செய்வது துணித்தலே. நாழிகையும் அளவும் தவறியதே கேடு. வெள்ளத்தில் பயிர் அழிந்தால் நீரைப் பயிரழிப்பான் எனப் பெயரிட்டு அழைப்பதில்லை.

மலேரியாக் கிருமி செய்யும் சூழ்ச்சி ஒன்றையும் இங்கே குறிக்கலாம். சிவப்பணுவினுள் பெருகிய கிருமிகள், வெளியேறும் தறுவாயில் அவ்வணுவின் சொந்தக் கால்பெயினையே தூண்டி, சவ்வின் அடியில் உள்ள வலையைத் துணிப்பித்துக்கொண்டு வெளிப்படுகின்றன என்பதை 2009இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. வீட்டுக்காரர் அரிவாளாலேயே வேலியை அறுத்துச் செல்லும் கள்வர் இவர்.

மருந்து காண்பதில் உள்ள இடரும் மேற்கூறியவற்றால் பெறப்படும். 15 உடன்பிறப்புகளின் வெட்டுவாய்களும் ஒன்றையொன்று ஒத்தவை. லைசோசோமில் உள்ள சில நொதிகளின் வாயையும் ஒத்தவை. ஒன்றை அடைக்கச் செலுத்தும் மருந்து மற்றவற்றையும் அடைக்கும். மூளையைக் காக்கப் போய்த் தசைக்கு ஊறு நேருமோ என்னும் அச்சம் நீங்கவில்லை.

கூரத்தை உள்ளடக்கிய நாட்டுப்பகுதியைத் தொடும் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. அமெரிக்காவின் டெக்சசு மாநிலத்து ஸ்டார் வட்டத்தில் வாழும் மெக்சிகோ வழியினரை ஆராய்ந்தோர், 2000ஆம் ஆண்டில், பத்தாம் கால்பெயினின் மரபணுவில் உள்ள சில எழுத்து வேறுபாடுகள் நீரிழிவு நோயோடு தொடர்புடையன என அறிவித்தனர். வேறுபாடுகள் புரதத்தைக் குறிக்கும் பகுதியில் இல்லாமல் இடைப்பகுதிகளில் இருந்தமை பலரையும் வியக்கச் செய்தது. 2002இல் சென்னை மருத்துவ ஆய்வாளரும் இலண்டன் ஆய்வாளரும் கூடி, தென்னிந்தியரிடமும் அவ்வேறுபாடுகளின் சில சேர்க்கைகள் நீரிழிவோடு தொடர்புடையன என்று எழுதினர். தமிழர் குருதியில் கால்பெயினைத் தேடிய முதன்மையான முயற்சிகளுள் அஃது ஒன்று. பின்னர்ப் பல நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்து வரவில்லை. 2007 முதல் மரபணுத் தொகுதி முழுவதையும் துருவிய பேராய்வுகளில் வேறு மரபணுக்களே முன்னின்றன. பத்தாம் கால்பெயின் பின்னுக்குச் சென்றது. கணையத்திலிருந்து இன்சுலின் வெளிப்படுதலில் அதற்குப் பங்குண்டு என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உள்ளன. நோயின் பெரும்பகுதிக்கு அதுவே காரணம் என்பதற்குச் சான்று இல்லை.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் வேறு சில எண்கள். சென்னை ஆய்வாளர் 2006இல் நடத்திய கணக்கெடுப்பில், நீரிழிவு உற்றவர் சென்னை நகரத்தில் 18.6 விழுக்காடு, காஞ்சிபுரம் நகரத்தில் 16.4 விழுக்காடு; பண்ணுருட்டியை அடுத்த சிற்றூர்களில் 9.2 விழுக்காடு. அவர்களே தமிழகச் சிற்றூர்ப் பகுதியில் முன்னர் எடுத்த கணக்குகளில், 1989இல் ஏறத்தாழ 2 விழுக்காடாக இருந்த நோய் 2003இல் 6 விழுக்காட்டைக் கடந்திருந்தது. 14 ஆண்டுகளில் ஓர் ஊராரின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மாறியவை உணவும் உழைப்பும். ஏற்றம் இறைத்தும் நாற்று நட்டும் கழனியில் நின்ற உடம்பு எந்திரத்துக்கு இடம் கொடுத்தது. வரகும் கேழ்வரகும் இருந்த இடத்தைத் தீட்டிய அரிசி கொண்டது. காஞ்சிபுரத்துக்கு நடந்தும் மிதிவண்டியிலும் சென்றவர் பேருந்தில் சென்றனர். பத்தாம் கால்பெயினின் வேறுபாடுகள் அவ்வூரார் உடம்பில் பல நூற்றாண்டுகளாக, பெரும்பிடுகு காலில் நீர் ஓடிய நாளிலும், இருந்தனவாகவே கொள்ளலாம்.